கரண்டி நிற்கிற போர்ஷ்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஓட்டலில் அவர் மட்டும் சாம்பாரை இலையில் ஊற்ற விடமாட்டார். தனியாகக் கிண்ணத்தில் வாங்குவார். ஸ்பூனை எடுத்து அதன் நடுவில் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையை எடுப்பார். ஸ்பூன் டங்கென்று விளிம்பில் சாயும். உடனே பக்கத்து மேசைக்காரர்களை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"பாத்தீங்களா, நிக்கல. போர்ஷ்ல நிக்கும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. அதற்கப்புறம் அதே சாம்பாரை வழித்து நக்கி, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், அது வேறு விஷயம்.

போர்ஷ் என்பது ருஷ்யாவில் பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கெல்லாம் போட்டுக் காய்ச்சுகிற புளிப்பான சூப். நான் அரூரில் இருந்த அந்த எண்பதுகளில் ஊரில் ஒருத்தரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பாதி ஊருக்கு அதன் செய்முறை தலைகீழாகத் தெரியும். எல்லாம் இவர் உபயம். ஊரில் இவரை ரஷ்யாக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். அவர்கள் வீட்டின் முன்பக்கத்து ரெண்டு அறையில் குடியிருந்தேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றைக்கே, குழாயில் தண்ணி எப்போது வரும் என்று நான் கேட்க, அவர் வோல்கா நதியில் ஆரம்பித்தார். ஆத்தாடி, எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்றிருந்தது. உள்ளேயிருந்து அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, "காலையில ஆறு மணிக்கு வரும் கண்ணு" என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் அந்த வீட்டில் குடிபோனேன். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து, ஒரு மாதத்தில் சாப்பாடும் அங்கேயே என்றாகிவிட்டது.

அவர் ருஷ்யாவுக்குப் போனது ஒரு விவசாயிகள் தூதுக்குழுவில். முதலில் தேர்வானவருக்குக் குடலிறக்கம் ஆபரேஷன். அடுத்த ஆளுக்கு மகள் கல்யாணம். மூன்றாவதாக இவர். போனது மூணு வாரம். ஆனால் மூணு வாரம் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. "எத்தன நாள் இருந்தீங்க?" என்று யாராவது கேட்டால் கொஞ்ச நேரம் தூரத்தில் பார்ப்பார். அப்புறம், "இருந்தேன்" என்பார். கேட்டவனுக்கு ஆள் அங்கேயே பிறந்து வளர்ந்திருப்பார் போல என்று தோன்றும்.

சட்டைப் பையில் சிவப்பு பேட்ஜ். வீட்டு அலமாரியில் ஒன்றுக்குள் ஒன்று போகிற மரப் பொம்மைகள். சித்திரை வெயிலில் அரூரே அவிந்துகொண்டிருக்கும்போது, "இதெல்லாம் ஒரு வெயிலா, அங்க பனி இருக்குது பாரு" என்று சம்பந்தமே இல்லாமல் ஒரு போடு போடுவார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் போர்ஷைத்தான் பொறுக்க முடியாது.

டிரங்க் கால் போட ஆபீசுக்கு வருவார்.

"ஏம்மா, மெட்ராஸ்ல ஒரு ஓட்டலுக்குப் போடு."

"எந்த ஓட்டலுங்க? நம்பர் என்ன?"

"பெருசா இருக்கணும். லிப்ட் இருக்கணும்."

டைரக்டரியைப் புரட்டி ஏதாவது ஒன்றுக்குப் போட்டுக் கொடுப்பேன். ஆபரேட்டர் ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். கேட்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

"வணக்கம் சார், எந்த ரூம் வேணும்?"

"ரூம் வேணாங்க. போர்ஷ் இருக்குதுங்களா?"

"எத்தன நாள் தங்கறீங்க சார்?"

"ஒரு கிண்ணம் போதுங்க."

மூணு நிமிஷம் முடிந்ததும் நான் உள்ளே புகுந்து, நீட்டிக்கட்டுமா என்பேன். "வேணாம்மா. அவனுக்கு விவரம் பத்தல" என்பார்.

அவருடைய கூட்டாளி ஒரு பாய். புளி மண்டி வைத்திருந்தார். பாய் புளி விஷயமாக மெட்ராஸ் கொத்தவால்சாவடிக்குப் போகும்போதெல்லாம் இவரும் கூடத் தொற்றிக்கொள்வார். பாய்க்கு வேலை முடிந்ததும் போர்ஷ் வேட்டை. திரும்பி வந்ததும் பாய் என்னிடம் வந்து சொல்லுவார். அந்த மனுஷன் சொல்கிற அழகுக்கே டிக்கெட் போடலாம்.

"மொத ஓட்டல்ல தக்காளி சூப்ல பீட்ரூட்ட ஒரு முக்கு முக்கி எடுத்து வெச்சான்மா. தலைவரு கரண்டிய நிறுத்துனாரு. விழுந்துருச்சு. எழுந்துட்டாரு. ரெண்டாவது ஓட்டல்ல, மேல வெள்ளையா தயிரு மாதிரி இருக்கணும்னு சொன்னாரா, அவன் ஐஸ்கிரீம வெச்சுட்டான். மூணாவது ஓட்டல்ல கடுகு கறிவேப்பில தாளிச்சு செகப்பா ரசம் வந்துச்சு. கரண்டி நிக்கலன்னு தலைவரு ஒதுக்கிட்டாரு. ரெண்டு கிண்ணத்தையும் நாந்தான் குடிச்சேன். நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அந்த மூணாவது ஓட்டலில் சமையல்காரரையே கூப்பிட்டு, நின்ற வாக்கில் பாடம் எடுத்திருக்கிறார். வெள்ளைத் தொப்பி போட்ட அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார் ருஷ்யாவுல எத்தன வருஷம் இருந்தீங்க?" என்றாராம்.

"இருந்தேன்" என்றாராம் இவர்.

பெங்களூருக்கும் போனார்கள். அங்கேயும் கரண்டி விழுந்தது. "மெட்ராசும் சிட்டியில்ல, பெங்களூரும் சிட்டியில்ல. ஒரு போர்ஷ் வெக்கத் தெரியாத ஊரு என்ன ஊரு?" என்று டீக்கடையில் அறிவித்தார். அந்த டீக்கடையில் டம்ளர் கழுவுகிற தண்ணி என்ன நிறம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு முழுசாகச் சிரிப்பு வராது.

அக்காவின் கைக்கு அந்தத் தெருவே அடிமை. களி கிண்டி, கொள்ளுச்சாறு வைத்து இறக்கினாள் என்றால் வாசம் எங்கள் ஆபீஸ் வரை வருகிற மாதிரி இருக்கும். கத்தரிக்காய்க்கு வேறு எதையுமே சேர்க்க மாட்டாள், வெறும் உப்பும் மிளகாயும்தான், அதற்கே இன்னொரு தட்டு சோறு இறங்கும். அந்தக் கையில் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறவர், ஒரு நாளும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. திட்டவும் மாட்டார். திட்டினாலாவது பதிலுக்கு ரெண்டு கேட்கலாம். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது, "சாப்பிடலாம்" என்பார். அவர் அகராதியில் உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

ருஷ்யா போய் வந்த பிறகு அதுவும் போயிற்றாம். குழம்பில் கரண்டியை நிறுத்திப் பார்ப்பார், விழும், ஒரு பெருமூச்சு விடுவார். எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போல வரும். மூணு வாரம் தின்ன சோறு, முப்பது வருஷச் சோற்றைத் தோற்கடித்துவிட்டது.

ஒரு தடவை அக்காவே இறங்கிப் பார்த்தாள். ஓசூர்ப் பக்கமிருந்து வந்த லாரியில் சொல்லிவைத்து நல்ல பீட்ரூட் வரவழைத்தாள். அவர் டீக்கடையில் சொன்ன செய்முறையை நான்தான் அக்காவுக்குச் சொன்னேன். காலையிலிருந்து அடுப்படியிலேயே கிடந்து, மத்தியானம் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் பார்த்தேன்.

அவர் கரண்டியை நிறுத்தினார். விழுந்தது. ஒரு வாய் குடித்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப அன்பாக, "பாவம், நீ என்ன பண்ணுவ" என்றார்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "வாயில வெக்க முடியலன்னு திட்டியிருந்தாக்கூட தாங்கிக்குவேன் கண்ணு. பாவம்னுட்டாரு." ஒரே ஒரு தடவை, அந்த மனுஷன் வாயால் நல்லாருக்கு என்று கேட்டுவிட வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. அந்த ஒரு சொல்தான்.

இங்கே ஒரு பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா ஒரு கொள்ளுப் பொடி செய்வாள். கொள்ளைச் சிவக்க வறுத்து, வரமிளகாய், பூண்டு, புளி, உப்பு சேர்த்து உரலில் கொரகொரப்பாக இடிப்பது. அதை வீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கமாட்டாள். வெளியூர் போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற பொடி அது. போன இடத்தில் சாப்பாடு வாய்க்கு வெளங்கவில்லை என்றால், எதில் வேண்டுமானாலும் அள்ளிப் போட்டுப் பிசைந்துகொள்ளலாம். ருஷ்யாவுக்குப் போகும்போது அவருக்கும் ரெண்டு எவர்சில்வர் சம்படம் நிறைய அடைத்துக் கொடுத்திருக்கிறாள். சம்படங்கள் காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன.

"அங்க கூட்டுப்பண்ணையில வேல செய்யற பொம்பளைங்களுக்குக் குடுத்துட்டேன். ஆச்சரியப்பட்டுப் போனாங்க" என்றாராம்.

"நல்லாருக்குன்னாங்களா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அவங்க பாஷையில என்னமோ சொன்னாங்க."

அதையே அக்கா தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள், தன் பொடி ருஷ்யா வரை போய்விட்டது என்று.

அப்புறம் அவர் அண்ணன் மகள் கல்யாணம் மெட்ராசில் வந்தது. அதே சமயம் அங்கே ஒரு நட்புறவுச் சங்கம் பொருட்காட்சி நடத்துகிறது, சாப்பாட்டுக் கூடத்தில் நிஜமான ருஷ்யக்கார அம்மாவே சமைக்கிறார் என்று கடிதாசி வந்தது. இங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு எஞ்சினியரின் சம்சாரம். கல்யாணத்தைவிட அவருக்கு இதுதான் பெரிய விசேஷமாகிவிட்டது. அக்கா முதல் தடவையாக, "நானும் வரேன். அப்படி என்னதான் இருக்குதுன்னு ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன்" என்றாள். துணைக்கு என்னையும் லீவு போட வைத்தாள். மூணு பேரும் கிளம்பினோம். அக்காவின் மஞ்சப்பையில் ஒரு சம்படம். மெட்ராஸ் சாப்பாட்டை நம்ப அவள் தயாராக இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் பொருட்காட்சிக்குப் போனோம். துணிப் பந்தல், மர மேசைகள். கட்டம்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெயிலில் முகமெல்லாம் சிவந்து, அந்த அம்மா பெரிய பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பையன், காலேஜ் முடித்த வயசு. நம்மூர்க்காரர்களுக்காகக் கறி போடாமல் வைத்தது என்று சொன்னான். மூணு கிண்ணம் வந்தது. கருஞ்சிவப்பாக, மேலே வெள்ளையாக ஒரு கரண்டி புளிச்ச பாலேடு, பக்கத்தில் கறுப்பு ரொட்டி.

ரஷ்யாக்காரர் ஸ்பூனை நிறுத்தினார். விழுந்தது.

இந்த மனுஷன் என்ன செய்கிறார் என்று அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்து யோசித்தார். தலையை ஆட்டினார்.

"தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லு. நல்ல முயற்சி. ஆனா இது போர்ஷ் இல்ல."

பையன் திகைத்துவிட்டான். "சார், அவங்க ருஷ்யாக்காரங்க சார்."

"அதனாலதான் சொல்றேன். தெரிஞ்சுக்கட்டும்."

அவன் எதையோ மென்று விழுங்கிச் சொன்னான். அந்த அம்மா பதில் சொன்னார். "அவங்க அம்மா சொல்லிக் குடுத்ததாம் சார்."

"அவங்கம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேளுப்பா" என்றார் இவர். எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது.

இப்படி அவர் பையன் பக்கம் திரும்பி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா தன் கிண்ணத்தில் ஒரு வாய் வைத்தாள். "உப்புமில்ல, ஒறப்புமில்ல. வீணாக்கவும் மனசில்ல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, மஞ்சப்பையிலிருந்து சம்படத்தை எடுத்தாள். கொள்ளுப் பொடியை ரெண்டு மூணு கை அள்ளிப் போட்டு, ரொட்டியையும் பிய்த்துப் போட்டு நன்றாகக் கலக்கினாள். நம் ஊர்க்காரர்கள் எந்த ஊரில் எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் செய்கிற காரியம்தான். நான் பார்த்தேன். பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவும் பார்த்தார். இவர் பார்க்கவில்லை.

"இங்க பாரு தம்பி, நல்ல போர்ஷ்னா கரண்டி நிக்கணும். இதுல நிக்காது, அதுலயும் நிக்காது, எதுலயும் நிக்காது" என்று சொல்லிக்கொண்டே, கை போக்கில் அக்காவின் கிண்ணத்தை இழுத்து, ஸ்பூனை நட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

நின்றது.

அவர் பேச்சு நின்றது. குனிந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்துக் குடித்தார். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான்" என்றார். "அதே ருசி. அங்க சாப்பிட்ட அதே ருசி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டு சம்படம் பொடியும் எந்தக் கூட்டுப்பண்ணைப் பெண்களுக்கும் போகவில்லை. மூணு வாரமும் இவரே போர்ஷில் அள்ளிப் போட்டுக் கலக்கித் தின்றிருக்கிறார். அதைத்தான் மெட்ராஸ், பெங்களூர் எல்லாம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ருஷ்யாவின் முன்னேற்றத்தைப் பார்க்கப் போனவர், கொள்ளுப் பொடி போட்டுத்தான் பிழைத்தேன் என்று ஊரில் எப்படிச் சொல்லுவார்? வேண்டுமென்றே மறைத்தாரா, இல்லை சொல்லிச் சொல்லி அவருக்கே மறந்துபோயிற்றா, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. மடியில் திறந்த சம்படம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ வரப்போகிறது, இதோ சொல்லப்போகிறார் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்தார். கைகூப்பினார். அந்த ருஷ்ய அம்மாவைப் பார்த்து, "அம்மா, நல்லாருக்குதுங்க. ரொம்ப நல்லாருக்குது" என்றார். "தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கணும். எனக்கு மேலாப்ல ஊத்திட்டீங்க. இவளுக்கு அடியிலேர்ந்து ஊத்தியிருக்கீங்க. சரக்கெல்லாம் அடியிலதான் இருந்திருக்குது. என்ன கைப்பக்குவம்!"

பையன் மொழிபெயர்த்தான். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, அக்காவைப் பார்த்தார். ரஷ்யாக்காரர் மறுபடி உட்கார்ந்து கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்ததும், அந்த அம்மா அக்காவின் கிட்டே வந்து உள்ளங்கையை நீட்டினார். அக்கா ஒரு சிட்டிகைப் பொடி வைத்தாள். நக்கிப் பார்த்தார், இருமினார், கண்ணில் தண்ணி வர, இன்னும் கொஞ்சம் என்று மறுபடியும் கையை நீட்டினார். தன் பாஷையில் என்னமோ சொன்னார். ருஷ்யப் பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்று ரஷ்யாக்காரர் விட்ட புளுகு, அவர் பக்கத்திலேயே அன்றைக்கு உண்மையானது. இவரோ கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். அக்கா சம்படத்தை மூடிப் பையில் வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முன் சீட்டில் நன்றாகத் தூங்கினார். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"சொல்லித் தொலைக்கலாமில்லக்கா?"

"எதுக்கு?" என்றாள் அக்கா. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரெல்லாம் போய்க் கேக்கறாரு. வூட்ல கேட்டா குடுப்பேன். கேக்கணுமில்ல?"

ஊரில் வந்து பத்து நாள் இதே பேச்சு. கிடைத்துவிட்டது, வெள்ளைக்காரக் கை வெள்ளைக்காரக் கைதான் என்று. அடுத்த வருஷம் அதே பொருட்காட்சிக்குப் பாயைக் கூட்டிக்கொண்டு போனார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆள மாத்திட்டாங்க போல. அந்தக் கை இல்ல" என்றார்.

பாய் அப்புறமாக என்னிடம் வந்து சொன்னார்: "அதே அம்மாதாம்மா. இவரு அடியிலேர்ந்து ஊத்துங்க, அடியிலேர்ந்து ஊத்துங்கன்னு கையால காட்டறாரு. அந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, சட்டியவே சாய்ச்சுக் காட்டிருச்சு. அப்புறம் மஞ்சப்பைக்கார அம்மா எங்கன்னு சைகையில கேட்டுச்சு. இவரு, வூட்ல இருக்கறா, அவளுக்கு இதெல்லாம் தெரியாதுன்னுட்டாரு."

கொஞ்ச நாளில் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அக்கா எனக்காகக் கொள்ளு வறுத்து உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொள்ளும் பூண்டும் மிளகாயும் சேர்ந்து வீடு முழுக்க வாசம். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். முகம் என்னமோ மாதிரி ஆனது.

"என்ன வாசன இது?"

"பொடி. பாப்பா ஊருக்குப் போவுதில்ல" என்று என்னைக் காட்டினாள் அக்கா.

"இந்த வாசன எனக்குத் தெரியுதே. எங்கியோ..." என்று நெற்றியைத் தேய்த்தார். "அங்க இருந்தப்ப..."

அக்கா உலக்கையை நிறுத்தினாள். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நானும் கையை நிறுத்தினேன். அவர் கண்ணை மூடி இன்னொரு தரம் நன்றாக உறிஞ்சினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தப் பந்தலில் பார்த்த மாதிரியே.

"ஆங், ஞாபகம் வந்துருச்சு" என்றார். "அங்க கூட்டுப்பண்ணைக்குப் பக்கத்துல ஒரு மரம் இருந்துச்சும்மா. அது பூத்தா இதே வாசனதான் அடிக்கும். அடடா, அது மரம்."

சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அக்கா உலக்கையை எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தினாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. சேலத்தில் போய்ச் சம்படத்தைத் திறந்து பார்த்தேன். பொடி மாவு மாதிரி இருந்தது.